தென்புலத்தார்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



திருப்பணிக்குப் பொருளுதவும் அன்பர் பலர், தம் பெயரை விடுத்துத் தந்தை தாயர் பெயரைக் கல்லிற் பொறிக்குமாறு வேண்டுதல் எங்கும் காணும் வழக்கமாகும். இவ்வாறு முன்னோரைப் போற்றுங்கால் அவரைக் குறித்தற்குத் தமிழில் வழங்கும் பழஞ்சொல் ‘தென்புலத்தார்’ என்பது.

புலம் என்பது ஈண்டு இடத்தைக் குறிக்கும். தென்றிசையை இடமாக உடையோர் என்பது சொற்பொருள். சாவு என்பதன் நிழலும் இச்சொல்லிற் படவில்லை. ஓரிடத்தில் உறைகின்றார் என்னும் கருத்தே உள்ளது.

இதன் தொன்மையைப் புறநானூற்று 9-ஆம் பாட்டு உணர்த்தும். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு தொடுக்குமுன் சிலரைப் பாதுகாவலான இடம் புகுமாறு அறிவித்தான் என்று நெட்டிமையார் போற்றுகின்றார். ஆக்கள், அந்தணர், மகளிர், பிணியுடையோர் ஆகியோருடன், தென்புலத்து உறைவோர்க்குக் கடனாற்றும் புதல்வரைப் பெறாதோரும் அவருட் சேர்ந்தனர். அன்னோன் மடியின் அவன் முன்னோர்க்குக் கடனாற்றுவாரும் இலராவரன்றோ? பகைவன் நாட்டு முன்னோர்க்கும் இரங்கியது அம்மன்னன் அறம்.

திருவள்ளுவர் இல்வாழ்வான் ஓம்பவேண்டிய ஐவகையினை 43-ஆம் குறளிற் கூறுமிடத்துத் தென்புலத்தாரை முதற்கண் வைத்தார். தெய்வத்தையும் அடுத்தே வைத்தார். அவர் பிதிரர் எனவும், படைப்புக் காலத்து அயனாற் படைக்கப்பட்ட கடவுட் சாதியார் எனவும் பரிமேலழகர் உரைத்தார். எனவே, அவ்வுரையின்படி இறந்தோரனைவரும் தென்புலத்தார் ஆகார்.

அங்ஙனமாயின் இறந்தோர்க்கு உரிய இடம் யாது? அதற்கு முந்திய 42-ஆம் குறளே விடை தருகின்றது. துறந்தார்க்கும் வறியார்க்கும் இறந்தார்க்கும் இல்வாழ்வான் துணை என்பது அதன் கருத்து. இங்கு ‘இறந்தார்’ தன் குடியினர் அல்லர். ஒருவருமின்றித் தன்பால் வந்து இறந்தவர் என்பது பரிமேலழகர் உரை. அவர்க்கு நீர்க்கடன் முதலியன செய்து நல்லுலகிற் செலுத்துதல் இல்வாழ்வான் கடமையாம்.

அன்பர்களே! இம்முறை வைப்பை உற்றுநோக்குக. தன் குலத்தோர்க்குரிய கடனைக் கூறுமுன்னரே, உற்றாரின்றி இறந்தோர்க்குரிய கடனைத் தெய்வப்புலவர் கூறிவிட்டார். தந்தையின் திதியை வழுவாது செய்யும் ஒருவர், தம் தெருவில் யாருமின்றி மாய்ந்தவரின் உடலை எடுக்க முன்வாராராயின், 43-ஐ ஓதி 42-ஐ மறந்தவராவர். பெற்றோர் உயிரோடிருக்கையில் பேணாது, மறைந்தபின் பெயர் பொறிப்பாரும் அத்தகையரே.

தெற்கு நோக்கி ஆலின்கீழ் அமர்ந்த பெருமான் திருமுன் நின்று வழிபடுங்கால், கல்லிற் பெயர் பெற்றோரை நினைமின்; பெயர் பெறாது சென்றோரையும் உடன் நினைமின். அதுவே தென்புலத்தார் கடனின் நிறைவு.

திருச்சிற்றம்பலம்.