ஒரே நீரில் மூன்று உயிர்கள்



பல பொருள் ஒரு சொல் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். செய்யுளில் அது சுவை தரும். மருந்துக்கடையில் அது உயிர் குடிக்கும். அண்மையில் வற்றாப்பளையில் என் மாணவன் ஒருவன் கொண்டுவந்த கேள்வி இதை எனக்கு நன்கு உணர்த்தியது.

அவன் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் நீர்ச்செடிகள், சில கப்பி மீன்கள், செடிகளிடையே பாசி மேயும் சின்னஞ்சிறு சிவப்பு இறால்கள். மீன்களின் உடலிலும் செட்டையிலும் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் கண்டன. அவை கல்லில் உடலை உரசின. 'வெண்புள்ளி நோய்' என்று சொல்லி, கடையில் ஒரு நீலநிற மருந்துப் போத்தலை வாங்கி வந்தான். ஊற்றுமுன், "சேர், இறாலுக்கும் வெண்புள்ளி வருமாமே, இதே மருந்து போதுமா?" என்று கேட்டான்.

இறாலுக்கும் வெண்புள்ளி என்றொரு நோய் உண்டு. 1996இல் புத்தளம் மாவட்டத்து இறால் பண்ணைகளை அது பெரிதும் அழித்தது. ஆனால் அது வைரசினால் வருவது. நன்னீர் மீனுக்கு வரும் வெண்புள்ளியோ ஒற்றைக் கல உயிரொன்றின் வேலை. பெயர் ஒன்று, நோய் இரண்டு.

அந்த உயிருக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரைத் தமிழாக்கினால், 'பல பிள்ளைகளை உடைய மீன்பேன்' என்று வரும். 1876இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் சூட்டிய பெயர் இது. காரணப் பெயர்தான். மீனின் தோலுக்கடியில் கொழுத்து வளரும் இந்த உயிர், பின் உதிர்ந்து, தொட்டியின் அடியிலோ இலையிலோ ஒட்டி, கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் நீந்தி மீனைத் தேடும். நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு மூன்று நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை மடியும். தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து எட்டாது. நீந்தும் குஞ்சைத்தான் கொல்லும். அதனால்தான் ஒருநாள் வைத்தியம் பலிப்பதில்லை.

போத்தலின் சீட்டை வாசித்தோம். செப்புச் சல்பேற்று என்றிருந்தது. மீன்பேனுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் இறாலுக்கு நஞ்சு. இதில் ஒரு விந்தையைப் பாருங்கள். நம் குருதியில் இரும்பு பிராணவாயுவைச் சுமக்கிறது, இறாலின் குருதியில் செம்பு சுமக்கிறது. எது அதன் உயிரைத் தாங்குகிறதோ அதுவே நீரில் சற்று மிகுந்தால் அதைக் கொல்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதுதான். செடிகளுக்கும் செம்பு ஆகாது. நீரைச் சூடாக்கலாம் என்பார்கள். மீன் தாங்கும் 30 பாகைச் சூட்டில் இந்தச் சிற்றிறால்கள் சோர்ந்துவிடும்.

அப்படியானால் வழி என்ன? திருக்குறளில் 'மருந்து' 95ஆம் அதிகாரம். நோய் எது, அதன் காரணம் எது என்று முதலில் ஆராயச் சொல்கிறார் வள்ளுவர். நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் பார்க்கச் சொல்கிறார். இங்கு காரணத்தை ஆராய்ந்தால் வழி தானே தெரிகிறது. மீன்பேனுக்கு மீன் வேண்டும். இறாலிலோ செடியிலோ அது வாழாது. ஆகவே மருந்தைத் தொட்டிக்குள் கொண்டுபோவதை விட, மீனைத் தொட்டிக்கு வெளியே கொண்டுவருவதே முறை.

நலமாகத் தோன்றியவற்றையும் விடாமல் எல்லா மீன்களையும் வேறொரு வாளிக்கு மாற்றச் சொன்னேன். தொட்டி நீரையே வாளியில் நிரப்பி, லீற்றருக்கு 2 கிராம் அளவில் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தான். கப்பி உப்பைத் தாங்கும் மீன். காற்றுக் குழாய் வைத்தான். நாள்தோறும் அடியில் தங்குவதை உறிஞ்சி எடுத்து, எடுத்த அளவுக்கு அதே உப்பளவுள்ள நீரை விட்டான். வலையும் வாளி நீரும் தொட்டிப் பக்கம் போகவில்லை. இரண்டு கிழமை தொட்டியில் மீன் இல்லை. இறால்கள் வழமைபோல் மேய்ந்தன. தேடிவந்த குஞ்சுகளுக்கு மீன் கிடைக்கவில்லை. ஒரு மீன் மட்டும் இறந்தது, மற்றவை தேறித் தொட்டிக்குத் திரும்பின.

நேயர்களே, கண்ணாடித் தொட்டியின் கதையை இலக்கிய நேரத்தில் ஏன் சொல்கிறேன்? வயலும் காடும் கடல்நீரும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஊர் எங்களது. வைகாசிப் பொங்கலுக்குக் கண்ணகை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் ஊர். பக்கத்தே நந்திக்கடல். அதில் இறால் பிடித்து உலை வைக்கும் குடும்பங்கள் பல. வயலில் பூச்சிக்கு அடிக்கும் மருந்து மழைநீரோடு நந்திக்கடலை நோக்கி இறங்குகிறது. பூச்சியும் இறாலும் கணுக்காலிகள், உறவுக்காரர். ஒன்றைக் கொல்ல ஊற்றியது மற்றதை விட்டுவைக்குமா? வாளியில் மீனை எடுத்ததுபோல் நந்திக்கடலிலிருந்து இறாலை எடுத்துவைக்க எவராலும் முடியாது. ஆகவே அங்கே அளவும் காலமும் பார்ப்பது இன்னும் அவசியம்.

பயிரைக் காக்கும் கை வலை வீசும் கையையும் நினைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஊரின் கைகள்.