மஞ்சள் பையா, சிவப்புப் பையா? பனமலையில் பேசியது

(விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் நர்சிங், லேப் டெக்னீஷியன், பார்மசி மாணவ மாணவியருடன் பனமலையில் நடந்த சந்திப்பில், நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் படிச்சது இன்ஜினியரிங். ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிற ஆளு. எனக்குக் குடுத்த தலைப்பு "ஆஸ்பத்திரியும் சுற்றுச்சூழலும்". மரம் நடுங்க, பிளாஸ்டிக் கவர் வாங்காதீங்கன்னு சொல்லிட்டு இறங்கிடலாம். அதை ஸ்கூல்லயே நிறைய கேட்டுட்டீங்க. நான் பேசப் போறது வார்டுல உங்க கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கிற குப்பைத் தொட்டியைப் பத்தி.

2024 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. ஃபெஞ்சல் புயல். மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல இருக்கிற ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டு ரயிலெல்லாம் நின்னுச்சு. நம்ம மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதும் அதே முண்டியம்பாக்கத்துலதான். கடல் சூடாக ஆக இப்படி ஒரே நாள்ல கொட்டுற மழை கூடும்னு விஞ்ஞானிகள் ரொம்ப நாளா சொல்றாங்க. அந்தச் சூட்டுல மருத்துவத்துறைக்கும் பங்கு இருக்கு. உலகம் வெளியேத்துற பசுமைக்குடில் வாயுக்கள்ல ஏறக்குறைய 4.4 சதவீதம் மருத்துவத்துறையோடதுன்னு 2019-ல ஒரு சர்வதேச ஆய்வு கணக்குப் போட்டுச்சு. மருத்துவத்துறையை ஒரு நாடா வச்சுப் பார்த்தா, உலகத்துல அஞ்சாவது இடம்.

அதே டிசம்பர்ல திருநெல்வேலியில நடந்ததும் ஞாபகம் இருக்கும். நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் பக்கம் கேரளாவுல இருந்து வந்த மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்துச்சு. பசுமைத் தீர்ப்பாயம் மூணு நாள் கெடு குடுத்து, கேரள அதிகாரிகளே லாரி கொண்டு வந்து அள்ளிட்டுப் போனாங்க. அப்புறம் 2025-ல, இப்படிக் கொட்டுறவங்களைக் குண்டர் சட்டத்துல பிடிக்க நம்ம சட்டமன்றம் திருத்தம் கொண்டு வந்துச்சு. நல்லது, வேணும். ஆனா லாரியைப் பிடிக்கிறது கடைசிக் கட்டம். அந்த மூட்டை ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு வார்டுல யாரோ கட்டின மூட்டை. கட்டும்போது உள்ள என்ன விழுந்துச்சுங்கிறதுதான் என் கேள்வி.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், பெரியவங்களுக்காகச் சொல்றேன். 2016 மருத்துவக் கழிவு விதிகள்படி நாலு நிறம். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, உடல் பாகம், காலாவதி மருந்து எல்லாம் மஞ்சள். டிரிப்ஸ் டியூப், ஊசி கழட்டின சிரிஞ்சு, கிளவுஸ் மாதிரி பிளாஸ்டிக், ரப்பர் சிவப்பு. ஊசி, பிளேடு குத்தி வெளிய வராத வெள்ளை டப்பாவுல. கண்ணாடி மருந்துக் குப்பி நீலம். மஞ்சள் பை சூளைக்குப் போய் எரியும். சிவப்புப் பை ஆட்டோக்ளேவ்ல வெந்து, தூளாகி, மறுசுழற்சிக்குப் போகும்.

இப்போ அவசரத்துல ஒரு பிவிசி டியூப் மஞ்சள்ல விழுதுன்னு வைங்க. அதுல குளோரின் இருக்கு. சூளையில சரியான சூடு இல்லாம எரிஞ்சா டையாக்சின் வரும். அது காத்துல கலந்து, புல்லுல படிஞ்சு, மாட்டுப் பால் வழியா நம்ம வீட்டு டம்ளருக்கே வரக்கூடிய விஷம், புற்றுநோய் உண்டாக்குறது. இன்னொண்ணு, ஆஸ்பத்திரிக் குப்பையில சுமார் 85 சதவீதம் வீட்டுக் குப்பை மாதிரி சாதாரணக் குப்பைதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காகிதம், இட்லிப் பொட்டலம், வாழைப்பழத் தோல். ரத்தம் பட்ட ஒரு பஞ்சு அதுல விழுந்தா மொத்த மூட்டையும் அபாயக் கழிவு ஆயிடும். பிரிக்கிறதுக்கு ரெண்டு செகண்ட். அந்த ரெண்டு செகண்ட் யார் கையில? சீஃப் டாக்டர் கையில இல்ல. போஸ்டிங்ல நிக்கிற உங்க கையில.

சரி, சுத்தம் வேணும்னா குப்பை கூடத்தானே செய்யும்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், அரவிந்த் கண் மருத்துவமனைக் கணக்கைப் படிக்கிற வரைக்கும். 1976-ல மதுரையில டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது. தவளக்குப்பத்துல இருக்கிற அவங்க ஆஸ்பத்திரிக்கு நம்ம பக்கத்துத் தாத்தா பாட்டிங்க எத்தனையோ பேர் கேம்ப் பஸ்ல போய் வந்திருக்காங்க. அங்க ஒரு கண்புரை ஆபரேஷனுக்கு எவ்வளவு கார்பன் வெளியாகுதுன்னு ஆய்வு பண்ணி 2017-ல வெளியிட்டாங்க. சுமார் 6 கிலோ. பிரிட்டன்ல கார்டிஃப் நகரத்துல இதே ஆபரேஷனைக் கணக்குப் பண்ணப்போ சுமார் 180 கிலோ வந்துச்சு.

இன்ஜினியர் புத்தி, பெட்ரோலா மாத்திப் பார்த்தேன். 6 கிலோன்னா ரெண்டரை லிட்டர் பெட்ரோல். 180 கிலோன்னா 75 லிட்டருக்கு மேல, பைக்ல கன்னியாகுமரியில இருந்து காஷ்மீருக்கே போகலாம். அதே கண்ணு, அதே புரை!

எப்படி முடிஞ்சுது? கருவிகளைத் தூக்கிப் போடாம சீக்கிரமா ஸ்டெரிலைஸ் பண்ணித் திரும்ப எடுக்கிறாங்க. ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு டேபிள், அதனால நேரமும் கரண்டும் மிச்சம். கண் சொட்டு மருந்தை ஒருத்தருக்கு ரெண்டு சொட்டு விட்டுட்டு பாட்டிலைக் குப்பையில போடுறதில்ல. ஒரு ஆபரேஷனுக்குக் கால் கிலோ குப்பைதான், அதுலயும் பெரும்பகுதி மறுசுழற்சிக்குப் போகுது. தொற்று அதிகமான்னா, லட்சக்கணக்கான ஆபரேஷன்களோட பதிவை வெளியிட்டிருக்காங்க, மேல்நாட்டை விட மோசம் இல்ல.

இதைச் செய்யிற கைகள் யாருதுன்னு பாருங்க. பெரும்பாலும் பிளஸ் டூ முடிச்சு கிராமத்துல இருந்து வந்து, அங்கேயே ரெண்டு வருஷம் பயிற்சி எடுத்த பொண்ணுங்க. நம்ம பனமலை, அனந்தபுரம் பக்கத்துப் பொண்ணுங்க மாதிரிதான். அவங்களுக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்தாங்க, திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்தாங்க. விஷயம் அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. திரும்பப் பயன்படுத்துறதுன்னு நான் சொன்னதை ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் யாராவது பொருத்தினீங்கன்னா அது கொலைக்குச் சமம். ஒருமுறைன்னு போட்டிருந்தா ஒருமுறைதான்.

இப்போ உங்க உரிமைக்கு வரேன். வந்ததே இதுக்காகத்தான். ஒரு தங்கச்சி என்கிட்ட சொன்னா. போஸ்டிங்ல ஊசிக்கு மூடி திரும்பப் போடும்போது விரல்ல குத்திடுச்சு. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வேலையைப் பாருன்னுட்டாங்க. பதிவும் இல்ல, ரத்தப் பரிசோதனையும் இல்ல. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியே அவளுக்குப் போடல. புகார் குடுக்கலாமேன்னு கேட்டேன். "அண்ணா, இன்டர்னல் மார்க் அவங்க கையில இருக்கு"ன்னா.

எந்த இடம்னு சொல்ல மாட்டேன், அவ படிப்பு முடிக்கணும். ஆனா விதி என்ன சொல்லுதுன்னு சொல்றேன். மருத்துவக் கழிவைக் கையாள்ற எல்லா மருத்துவப் பணியாளர்களுக்கும் "மற்றவர்களுக்கும்" சேரும்போது ஒரு பயிற்சி, அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறையாவது பயிற்சி குடுக்கணும். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடணும். அந்த "மற்றவர்கள்" யாரு? ஸ்டைபண்ட் கூட இல்லாம வார்டுல குப்பை பிரிக்கிற மாணவி அதுல வரலன்னா வேற யார் வருவா? நீ ஸ்டூடண்ட், ஸ்டாஃப் இல்லன்னு சொன்னா இந்த வார்த்தையைக் காட்டுங்க.

தடுப்பூசி மூணு டோஸ். முதல் நாள், ஒரு மாசம் கழிச்சு, ஆறாவது மாசம். போஸ்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஊசி குத்தினா கழுவுங்க, பிதுக்காதீங்க, உடனே சொல்லுங்க. எச்ஐவி தடுப்பு மருந்து வேணும்னா 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "நாளைக்குப் பார்க்கலாம்"ங்கிற பேச்சுக்கே இடமில்ல.

பேர் சொல்லாம எப்படிக் கேட்கிறதுன்னு யோசிக்கிறீங்க, தெரியுது. அங்கதான் எங்க வேலை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வருஷா வருஷம் ஜூன் 30-க்குள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் படிவம் 4 குடுக்கணும். தங்கள் இணையதளத்துலயும் போடணும்னு விதி. எத்தனை கிலோ கழிவு, எத்தனை பேருக்குப் பயிற்சி, இதுவரைக்கும் பயிற்சியே இல்லாதவங்க எத்தனை பேர், அந்த வருஷம் எத்தனை விபத்து, எல்லாத்துக்கும் அதுல கட்டம் இருக்கு. விபத்துக் கட்டத்துல பூஜ்யம் போட்டிருந்தா, உங்க விரலுக்குத் தெரியும் அது உண்மையா இல்லையான்னு.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி சுத்தி இருக்கிற ஆஸ்பத்திரிகளோட படிவங்களை நம்ம அணி இந்த மாசமே தேட ஆரம்பிக்குது. இணையத்துல இல்லாததுக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுவோம், எங்க பேர்ல. பயிற்சியும் தடுப்பூசியும் கிடைக்காதவங்க காலேஜ் பேரை மட்டும் எழுதி அந்தப் பெட்டியில போடுங்க, உங்க பேர் வேண்டாம். கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல நாங்களே மனுவா குடுக்கிறோம். பெட்டி டீ வச்சிருக்கிற டேபிள் பக்கத்துல இருக்கு. டீ குடிச்சிட்டு கப்பை மட்டும் கீழ போட்டுடாதீங்கப்பா.