இவாமாவின் பயிற்சிக் கூடம்

போர்க்கலை என்றதும் வெற்றியும் தோல்வியுமே எவர் மனத்திலும் முதலில் எழுவன. மல்லாயினும் சிலம்பாயினும் இருவர் எதிரெதிரே நிற்பர், ஒருவர் வீழ்வர், மற்றவர் கை உயரும், சூழ நிற்போர் ஆரவாரிப்பர். வென்றவர் இன்னார், தோற்றவர் இன்னார் என்று கணக்கு வையாமலே ஆண்டுக்கணக்காகப் பழகப்படும் போர்க்கலை ஒன்று யப்பானில் உண்டு. அதன் பெயர் ஐக்கிடோ. அதன் பிரிவுகளுட் பெரும்பாலானவை போட்டி நடத்துவதில்லை; பதக்கம் வழங்குவதுமில்லை. போட்டியில்லாத கலை எதனால் நிலைபெறுகிறது? பரிசை நாடாத ஒருவர் மாலைதோறும் பயிற்சிக் கூடத்துக்கு ஏன் வருகிறார்? இவ்வினாக்களுக்கு விடை காண விரும்புவோர், பேரவைகளையும் பெருநகரங்களையும் விட்டு, இவாமா என்னும் சிற்றூரை நோக்குதல் தகும்.

ஐக்கிடோவைத் தோற்றுவித்தவர் மொரிஹெய் உவேசிபா. 1883-ஆம் ஆண்டில் வாக்கயாமாப் பகுதியிலுள்ள தனபே என்னும் கடலோரப் பட்டினத்திற் பிறந்தவர். 1912-ஆம் ஆண்டில், ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலைமை தாங்கி, வடக்கேயுள்ள ஹொக்கைடோத் தீவிற் குடியேறிக் காடு வெட்டிக் கழனி திருத்தினார். அங்கேதான், 1915-ஆம் ஆண்டில், சொக்கக்கு தக்கேடா என்னும் ஆசானைக் கண்டு பழைய கைப்போர் முறையொன்றைக் கற்கலானார். பின்னர் தோக்கியோ சென்று, 1931-ஆம் ஆண்டில் அங்கு ஒரு பயிற்சிக் கூடத்தைத் திறந்தார். பயிற்சியின் கடுமை கருதி அதனை ‘நரகக் கூடம்’ என்றே பலர் அழைத்தனர். படைத்துறையினரும் செல்வாக்குடையோரும் அவரிடம் பயின்றனர்.

அத்தகைய புகழின் நடுவே, 1942-ஆம் ஆண்டில், அவர் தலைநகரை விட்டு நீங்கினார். தோக்கியோவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், இபராக்கிப் பகுதியிலுள்ள இவாமாவில் அவருக்குச் சிறிது நிலம் இருந்தது. அங்கே மனைவியுடன் தங்கி நிலத்தைப் பயிரிட்டார். சிறு கோவில் ஒன்றை எழுப்பினார். போர் முடியும் காலத்தை ஒட்டிப் பயிற்சிக் கூடமொன்றையும் அமைத்தார். ஐக்கிடோ என்னும் பெயர் வழக்குக்கு வந்ததும் 1942-ஆம் ஆண்டிலேயாம். ‘ஐ’ என்பது இணைதல்; ‘கி’ என்பது உயிர்ப்பு; ‘டோ’ என்பது நெறி. பயிற்சிக் கூடத்தை யப்பானியர் ‘டோஜோ’ என்பர். புத்தர் பெருமான் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் போதிமண்டம் என்ற வடசொல்லுக்குச் சீனர் அமைத்த மொழிபெயர்ப்பே அச்சொல்லின் மூலம். அடிபிடிக்கு உரிய இடத்துக்கு அறத்தொடு தொடர்புடைய பெயர் வாய்த்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

1945-ஆம் ஆண்டிற் போர் முடிந்தது, யப்பான் தோற்றது. நேச நாட்டுப் படையினரின் ஆட்சியிற் பாடசாலைகளிற் போர்க்கலை கற்பித்தல் தடைசெய்யப்பட்டது. தோக்கியோக் கூடத்திலோ குண்டுவீச்சினால் வீடிழந்த குடும்பங்கள் புகலடைந்திருந்தன. அடுத்த வேளை உணவு எங்கிருந்து வரும் என்று மக்கள் ஏங்கிய காலம் அது. கைப்பிடியும் எறிதலும் கற்க எவருக்கு நேரம் இருந்தது? கலை அற்றுப்போகாதிருந்தமைக்கு இவாமாவிற் கூடிய சிறு குழுவும் ஒரு காரணம்.

அக்குழுவில் 1946-ஆம் ஆண்டு கோடையில் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். மொரிஹிரோ சைட்டோ என்பது அவர் பெயர், வயது 18. மலைப்பக்கத்தில் முதியவர் ஒருவர் விநோதமான வித்தை பழக்குகிறார் என்ற ஊர்ப்பேச்சே அவரை அங்கு இழுத்தது. அவர் செல்வர் அல்லர். புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தவர். ஒரு முழுநாட் கடமை, மறுநாள் ஓய்வு என்ற முறையில் அவரது வேலை அமைந்திருந்தது. காலப்போக்கில் உடன் பயின்றோர் பலர் மணமுடித்தும் தொழில் தேடியும் ஊரை விட்டகன்றனர். சைட்டோவுக்கோ ஒன்றுவிட்ட ஒருநாள் முழுதும் ஓய்வாயிருந்தது. அந்நாட்களை அவர் ஆசானுக்கே உரியவையாக்கினார். காலையிற் பயிற்சி, அதன் பின் வயல்வேலை, மாலையில் மீண்டும் பயிற்சி. உவேசிபா தமது நிலத்தில் ஒரு பகுதியை அவருக்கு அளித்தார். சைட்டோ அங்கே வீடு கட்டிக் குடியேறினார். அவர் மனைவியும் முதிய தம்பதியருக்குப் பணிவிடை செய்தார். 1969-ஆம் ஆண்டு ஏப்பிரில் 26-ஆம் நாள் உவேசிபா மறையும் வரை, 23 ஆண்டுக் காலம் இத்தொடர்பு நீடித்தது.

ஒரு கலையின் வரலாற்றை எழுதுவோர் அதனைத் தோற்றுவித்தவரின் ஆற்றலையே விரித்துரைப்பர். கூடத்தைக் கூட்டியவர் யார், நெல்லையும் கிழங்கையும் விளைவித்தவர் யார், ஆசானுக்குச் சோறு சமைத்தவர் யார் என்று கேட்பார் அரியர். ஆயின் இவர்கள் இல்லையேல் கலையும் இல்லை. இவாமா உணர்த்தும் முதற்பாடம் இதுவே.

இனிப் பயிற்சியின் இயல்பை நோக்குவோம். பயில வருவோர் செருப்பைக் கழற்றி, முனை வெளிநோக்க ஒழுங்காக அடுக்கி வைப்பர். உள்ளே காலடி வைக்கும்போதே தலை தாழ்த்துவர். பாய் விரித்த தரையை அனைவரும் சேர்ந்து கூட்டித் துடைப்பர். மூத்தவர் இளையவர் என்ற வேறுபாடு இங்கில்லை. பின்னர் முழந்தாளிட்டு வரிசையாக அமர்ந்து முன்சுவரை நோக்கி வணங்குவர். அடுத்து ஆசானும் மாணாக்கரும் ஒருவரையொருவர் வணங்குவர். ஆசான் ஒரு முறையைச் சிலதரம் செய்து காட்டுவார். உடனே ஒவ்வொருவரும் அருகிலுள்ளவரை நோக்கித் தலை தாழ்த்தித் துணையாக்கிக் கொள்வர். புகையிரத ஊழியரும் கமக்காரரும் பாடசாலை மாணவரும் அப்பாயின்மீது ஒரே நிலையினர்.

துணையாக வந்த இருவரில் ஒருவர் மணிக்கட்டைப் பற்றுவார், அல்லது கையை ஓங்கி அடிக்க வருவார். மற்றவர் அவ்விசையை எதிர்த்து நில்லாமல், அதனுள் நுழைந்தோ அதனோடு சுழன்றோ, பற்றியவரின் நிலையைக் குலைத்து வீழ்த்துவார் அல்லது தரையோடு அடக்குவார். வலப்புறமும் இடப்புறமுமாகச் சிலதரம் செய்தபின் முறை மாறும். வீழ்த்தியவர் வீழ்வார், வீழ்ந்தவர் வீழ்த்துவார். ஒரு மாலையில் ஒவ்வொருவரும் எத்தனைமுறை வீழ்த்தினாரோ ஏறத்தாழ அத்தனைமுறை வீழ்ந்துமிருப்பார். போட்டி இல்லாமைக்கு உட்பொருள் இதுவே. தோல்வி ஒருவர் தலையில் மட்டும் விழுவதில்லை. அது சரிபாதியாகப் பங்கிடப்படுகிறது.

ஆகவே வீழக் கற்றலே தொடக்கப் பாடமாகும். புதிதாக வந்தவர் எறியும் வித்தையைக் காண ஆவலுறுவார். அவருக்குக் கிடைப்பதோ உருளும் பயிற்சி. மோவாயை மார்போடு ஒடுக்க வேண்டும். கையைச் சக்கரம்போல் வளைக்க வேண்டும். கைவிளிம்பிலிருந்து முழங்கை, தோள், முதுகின் குறுக்கு, எதிர்ப்புற இடுப்பு என உடல் தரையிற் சுருண்டு செல்ல வேண்டும். தலை தரையைத் தொடவே கூடாது. அச்சத்தால் விறைத்த உடல் மரக்கட்டை போல் மோதும். இளகிய உடல் பந்து போல் எழும்.

இது விளையாட்டான செய்தி அன்று. ‘நாற்றிசை எறிதல்’ எனப் பொருள்படும் பெயருடைய முறையொன்று உண்டு. அதில், வீழ்பவரின் கை அவர் தோளுக்குப் பின்னே மடக்கப்படுகின்றது. எறிபவர் வேகத்தையே விரும்பி இரக்கமின்றிச் செய்வாராயின், வீழ்பவரின் பின்தலை தரையில் மோதி உயிருக்கே ஊறு நேரலாம். மணிக்கட்டை முறுக்கும் முறைகளிலும் ஒரு விரற்கடை கூடினால் மூட்டு விலகும். இதனாலேயே ஒரு விதி உயிர்விதியாகப் போற்றப்படுகின்றது. அடக்கப்பட்டவர் உள்ளங்கையாற் பாயைத் தட்டிய கணமே மற்றவர் பிடியை விட வேண்டும். காரணம் கேட்டல் இல்லை. இன்னும் சிறிது பார்ப்போம் என்பதும் இல்லை. பயில்வோர் தம் உடலை மற்றவர் கையில் ஒப்படைக்கின்றனர். அந்நம்பிக்கை ஒருமுறை முறிந்தால் அக்கூடத்தில் மறுபடி எவரும் மனந்துணிந்து விழமாட்டார். மூத்தவர் வன்மையாக நடந்து இளையவரை வருத்துவாராயின், வணக்கமும் ஒழுங்கும் வெறும் வேடமாகிவிடும்.

ஆயினும் இக்கலையின்மீது ஒரு குறை நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. எதிர்ப்பவரும் ஒத்துழைப்பவரும் ஒருவரே எனின், செய்தது மெய்யா, நடிப்பா என்று எவ்வாறு அறிவது? இக்கேள்வியைப் புறந்தள்ள முடியாது. வீழ்பவர் ஆசானை மகிழ்விக்கத் தாமே வீழ்வாராயின், அது கூத்தாகுமேயன்றிக் கலையாகாது. உவேசிபாவின் பழைய மாணாக்கருள் ஒருவரான கென்ஜி தொமிக்கி என்னும் பேராசிரியர் இதனை உணர்ந்தார். அவர் வசெடாப் பல்கலைக்கழகத்தில் ஐக்கிடோக் கழகத்தை அமைத்து, வரையறைக்குட்பட்ட போட்டியைக் கலையினுட் புகுத்தினார். உவேசிபாவின் வழியிற் சென்ற ஏனையோர் அதனை ஏற்கவில்லை.

இவாமாவின் விடை வேறு வகையானது. அங்கே பயிற்சி இறுகப் பற்றுதலிலிருந்தே தொடங்கும். பற்றுபவர் தம் முழு வலிமையோடு மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். பிடிக்கப்பட்டவர் அசையாத அந்நிலையிலிருந்தே வழி காண வேண்டும். நிலை பிழைத்தால் முறை நடவாது. எவரும் இரங்கி வீழ்வதில்லை. ஓடிவந்து சுழன்று செய்யும் அழகெல்லாம் அதன் பிறகே. துணைவரை மதித்தல் என்பது அவருக்கு விட்டுக்கொடுத்தல் அன்று. மெய்யான பிடியைத் தருதலே மெய்யான மதிப்பு. பொய்யாகப் பற்றுபவர் நண்பரை ஏமாற்றுகிறார். அவருடைய காலத்தையும் வீணாக்குகிறார். இக்கருத்து பயிற்சிக் கூடத்துக்கு அப்பாலும் செல்லத்தக்கது.

கைப்பயிற்சியோடு மரவாளும் தடியும் இவாமாவிற் சிறப்பாகப் பழகப்பட்டன. ஆசான் வகைப்படுத்தாமற் பொழிந்தவற்றைச் சைட்டோ வரிசைப்படுத்தினார். வாள்வீச்சு 7, தடிவீச்சு 20, தொடர்ந்து செய்யும் தடி அசைவுகள் 31 என எண்ணி அமைத்தார். 1973-ஆம் ஆண்டு முதலாக ஐந்து தொகுதிகளில் நூலும் வெளியிட்டார். அதனால் வேற்று நாட்டு மாணாக்கரும் இவாமாவை நாடி வரலாயினர். அவர்கள் கூடத்திலேயே உறங்கினர். விடியலில் எழுந்து முற்றம் பெருக்கினர். தாமே சமைத்து உண்டனர். தோட்டவேலையிற் பங்கு கொண்டனர். மொழியறியாத இருவரிடையே பிடியும் வீழ்தலுமே உரையாடலாயின. ஏப்பிரில் 29-ஆம் நாள் நடைபெறும் ஆண்டுவிழாவுக்குப் பல ஊரினின்றும் அன்பர் வந்து கூடுவர்.

இத்தகைய கூடமும் மனிதர் கூட்டமே. சைட்டோ 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தார். அதன் பின் தோக்கியோவிலுள்ள தலைமை நிலையத்தாருக்கும் சைட்டோவின் மகனுக்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டாயிற்று. 2004-ஆம் ஆண்டில் மகனார் தனி அமைப்பொன்றை நிறுவினார். உலகெங்கும் சைட்டோவின் மாணாக்கர் இரு வழிப்பட்டனர். பழைய கூடம் தலைமை நிலையத்தின் கிளையாக நடைபெறுகின்றது. இவாமா என்னும் பட்டினமும் 2006-ஆம் ஆண்டிற் கசாமா நகரோடு இணைக்கப்பட்டது. இணைதலைப் பெயரிலேயே கொண்ட கலையினர் பிரிந்தமை கண்டு நகைப்போர் உளர். நகைப்பதற்கு முன் ஒன்றை எண்ணுதல் வேண்டும். பாயின்மீது ஒருவர் கையைப் பிடித்து முறுக்கும் போது காக்கப்படும் இணக்கம், தலைமையும் உரிமையும் பற்றிய வழக்குகளிற் காத்தற்கு இன்னும் அரியது. பயிற்சி முடிந்துவிட்டது என்று எவரும் கருதற்க என்பதே அப்பிரிவு தரும் பாடமாகும்.

இன்றும் இருசாராரும் மாலையிற் பாயை விரிக்கின்றனர்; ஒரே வணக்கத்தைச் செலுத்துகின்றனர்; ஒரே முப்பத்தொரு தடி அசைவுகளைப் பழகுகின்றனர். பயிற்சி முடிந்தபின் ஒவ்வொருவரும் தம்மை வீழ்த்தியவர்க்கும் தம்மால் வீழ்த்தப்பட்டவர்க்கும் தலை தாழ்த்தி நன்றி கூறுகின்றனர். பிறகு துடைப்பத்தைக் கையிலெடுக்கின்றனர். நம்பி வீழ்வதற்கு ஒருவரும், வீழ்ந்தவரைக் காப்பதற்கு ஒருவரும், இருவருக்கும் இடத்தைத் தூய்மை செய்ய ஒருவரும் உள்ளவரை, பரிசும் பதக்கமும் இன்றியே அக்கலை நிலைபெறும்.