சமையற்கட்டை வரைந்த ஓவியர்



ஓவியம் என்றதும் அரசரும் தெய்வங்களும் போர்வீரர்களும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். கிழங்கு சீவும் வேலைக்காரப் பெண்ணை வரைந்து பெயர் பெற்ற ஒருவரைப் பற்றி இன்று கூறப்போகிறேன்.

ழான் சிமியோன் ஷார்தேன் என்பது அவர் பெயர். 1699ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். அந்நாளில் பிரான்சின் அரச ஓவியக் கழகம் ஓவியர்களிடையே மேல் கீழ் வகுத்திருந்தது. புராணமும் சரித்திரமும் வரைபவர் உச்சியில். பழமும் பாத்திரமும் வரைபவர் கடைசிப் படியில். 1728இல் ஷார்தேன் கழகத்தில் சேர்ந்தபோது கொடுத்த படங்களில் ஒன்று என்ன தெரியுமா? வயிறு கிழிந்து கொக்கியில் தொங்கும் ஒரு திருக்கை மீன்! பக்கத்தில் ஒரு பூனை.

பிறகு மனிதர்களையும் வரையத் தொடங்கினார். 1739ஆம் ஆண்டுப் படம் ஒன்றைப் பாருங்கள். கடைக்குப் போய்வந்த பெண், ரொட்டிகளை அலமாரி மேல் வைத்துவிட்டு அதிலேயே சாய்ந்து நிற்கிறாள். இறைச்சிப் பை இன்னும் ஒரு கையில் தொங்குகிறது. இன்னொரு படத்தில், கிழங்கு சீவுபவள் கத்தி பிடித்த கையோடு எங்கோ பார்க்கிறாள். என்ன நினைக்கிறாள்? ஓவியர் சொல்லவில்லை. வேலைக்கு நடுவே கை ஓய்ந்த அந்த ஒரு கணத்தைக் கேலியும் இன்றி, இரக்கமும் காட்டாமல், அப்படியே மதித்து வரைந்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1740இல் பதினைந்தாம் லூயி மன்னருக்கு இரண்டு படங்களை வழங்கினார். சாப்பிடுமுன் பிள்ளைக்குப் பிரார்த்தனை சொல்லிக்கொடுக்கும் தாய் அவற்றுள் ஒன்று. அவருடைய படங்கள் அச்சுப் பிரதிகளாகவும் விற்பனையாயின. அசல் வாங்க முடியாதவர்களும் தம் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

புகழ் வந்தது, வீட்டில் நிம்மதி இல்லை. முதல் மனைவி 1735இல் இறந்தார். மகன் ழான் பியேரைத் தம்மைப் போலக் கீழ்ப்படியில் நிற்கவிடாமல், சரித்திர ஓவியனாக்க ஆசைப்பட்டார். பாத்திரத்தையும் பணிப்பெண்ணையும் அவ்வளவு மதித்தவரே கழகத்தின் அளவுகோலுக்குத் தலைவணங்கினார், பாருங்கள். மகன் 1754இல் பெரும் பரிசு பெற்று, பின்னர் ரோமாபுரிக்கும் சென்றான். ஆனால் பெயர் சொல்லும் ஓவியனாகாமலே, தந்தைக்கு முன்பே மறைந்தான்.

முதுமையில் கண் நோயால் எண்ணெய் வண்ணத்தை விட்டு, வண்ணக்கட்டியால் வரைந்தார். மூக்குக் கண்ணாடியும் தலையில் கட்டிய துணியுமாகத் தம்மையே வரைந்த படங்கள் இன்றும் பாரிஸ் லூவ்ர் காட்சியகத்தில் உள்ளன. 1779ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அவர் வைத்த படம் ஒன்றை மறைந்த மன்னரின் மகள் விரும்பிக் கேட்டு, ஒரு பொடிச்சிமிழைப் பரிசாக அனுப்பினார். அது ஓர் ஏவலாள் பையனின் முகம். அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் ஷார்தேன் காலமானார்.