வண்ணமீன் தொட்டிச் செடிக்கு இரும்புச் சத்து: அளந்து ஊற்றுங்கள்



குன்றாண்டார்கோவில், கீரனூர், நார்த்தாமலை வட்டாரங்களில் கிணற்றடியிலும் கொல்லைப்புறத்திலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பி, மோலி போன்ற வண்ணமீன் வளர்க்க நினைக்கிறவர்களுக்காக இந்தப் பேச்சு. மீனோடு நீர்ச்செடியும் வளர்த்தால் அதுவும் விற்கும். நம்ம குளத்துக் கொட்டிக்கிழங்கும், வரப்போரத்து நீர்ப்பிரமியும் கண்ணாடித் தொட்டிக்கு ஏற்ற செடிகள்தான். சென்னையில் கொளத்தூர் வண்ணமீனுக்குப் பேர் போன இடம். அங்கே மீன் விற்கிற கடைகளில் செடியும் விற்கிறது.

ஆனால் செடி வெளிறிப்போனால் யாரும் வாங்க மாட்டார்கள். வெளிறியதைப் பார்த்தவுடன், "இது இரும்புச் சத்துக் குறைதானே, நிலக்கடலைக்கு அடிக்கிற அன்னபேதி உப்பு வீட்டில் இருக்கிறதே" என்று ஒரு கை அள்ளிப் போடத் தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. செடி தேறுவதற்கு முன்னால் மீன் செத்து மிதக்கும். இரும்பை எந்த வடிவில், எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், குறை இரும்பால்தானா என்று தெரிய வேண்டும். செடிக்குள் இரும்பு இடம் மாறாது. பழைய இலையில் போய்ச் சேர்ந்தது அங்கேயே தங்கிவிடும், கொழுந்துக்கு வராது. அதனால் இரும்புக் குறை முதலில் கொழுந்தில்தான் தெரியும். இளம் இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். குறை முற்றினால் கொழுந்து வெள்ளையாகவே வரும். தழைச்சத்துக் குறை இதற்கு நேர்மாறு. தழைச்சத்து இடம் மாறும் என்பதால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். மெக்னீசியம் குறைந்தாலும் அடியிலையில் நரம்புக்கு நடுவேதான் மஞ்சள் தட்டும். ஆகவே மஞ்சள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்க. கீழே இருந்தால் இரும்பு ஊற்றிப் பயன் இல்லை. வெளிச்சம் போதாமல் வெளிறுவதும் உண்டு. அதையும் கவனிக்க வேண்டும்.

தண்ணீரில் இரும்பு ஏன் குறைகிறது? நம்ம ஊர் ஆழ்குழாய்க் கிணறு சிலவற்றில் இரும்பு அதிகமாகவே இருக்கும். இறைக்கும்போது தெளிவாக வரும் தண்ணீர், அண்டாவில் வைத்தால் செம்மண் நிறமாகும். இதில் கவனிக்க வேண்டியது, காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாகி அடியில் படிந்துவிட்டது என்பதுதான். துருவைச் செடியால் சாப்பிட முடியாது. தண்ணீர் காரத்தன்மையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் துருவாகும். மீன் தொட்டியிலோ காற்றுக்குழாய் இரவும் பகலும் ஓடுகிறது. அதனால் தண்ணீரில் வரும் இரும்பு செடி எடுப்பதற்கு முன்பே துருவாகிப் படிகிறது. மீன் கழிவிலிருந்து தழைச்சத்து தானாகக் கிடைக்கும். இரும்பு அப்படிக் கிடைப்பதில்லை.

நெல் வயலில் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். புழுதி நாற்றங்கால் காய்ந்து கிடக்கும்போது நாற்று வெளிறும். தண்ணீர் கட்டினால் சில நாளில் பச்சை திரும்பும். நீர் கட்டிய சேற்றில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் மண்ணில் இருக்கும் இரும்பு கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. இதனால் வேர் பிடித்து வளரும் செடிகளுக்கு ஒரு வழி உண்டு. உரம் போடாத செம்மண்ணைக் களிமண்ணோடு பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து, நன்றாகக் காயவைத்து, மணலுக்கு அடியில் வேர்ப் பக்கம் புதைக்கலாம். கொட்டி போன்ற கிழங்குச் செடிக்கு இதுவே பெரும்பாலும் போதும். வயல் மண் வேண்டாம், அதில் பூச்சிமருந்து கலந்திருக்கும்.

வேரைவிட இலையாலும் தண்டாலும் உணவை எடுக்கிற செடிக்குத் தண்ணீரில்தான் இரும்பு கொடுக்க வேண்டும். இங்கே அன்னபேதி ஏன் ஆகாது என்று கணக்குப் பார்ப்போம். பயிருக்கு அரை சதம் முதல் ஒரு சதம் வரை அன்னபேதிக் கரைசல் அடிக்கிறோம். அரை சதம் என்றால் லிட்டருக்கு 5 கிராம். அன்னபேதியில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு. ஆக, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் இரும்பு ஆகிறது. மீன் தொட்டிச் செடிக்கு வேண்டியதோ லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். பயிருக்கு அடிக்கிற கரைசல் பத்தாயிரம் மடங்கு கெட்டி! இலையில் பட்டு வழிந்து மண்ணில் விழுகிற மருந்து வேறு, மீன் மூச்சு விடுகிற தண்ணீரில் கலக்கிற மருந்து வேறு.

இன்னொன்று. அன்னபேதி தண்ணீரில் துருவாகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். புளிப்புத் தன்மையையும் கூட்டும். அந்தத் துரு மீனின் செவுளில் பழுப்பாகப் படியும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து காற்று குடிக்கும். அப்புறம் செத்துப்போகும்.

துருப்பிடித்த ஆணியைத் தொட்டிக்குள் போடுகிற வழக்கமும் வேண்டாம். துரு கரையாது. ஆணிக்குத் துத்தநாகப் பூச்சு இருந்தால் அது மீனுக்கு விஷம். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையும் தொட்டிக்கு அல்ல. உரக்கடையில் விற்கும் நுண்ணூட்டக் கலவையும் வேண்டாம். அதில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்திருக்கும். செம்பு கொஞ்சம் கூடினாலும் இறாலும் நத்தையும் முதலில் சாகும். மீனும் தப்பாது.

அப்படியானால் எதை வாங்குவது? கீலேட் இரும்பு என்று கேளுங்கள். இரும்பை ஒரு பொருள் நண்டுக்கொடுக்குப் போலப் பிடித்துக்கொண்டிருக்கும், துருவாக விடாது. செடிக்குப் பக்கத்தில் போய்த்தான் கையை விடும். இதில் மூன்று வகை உண்டு. ஈ.டி.டி.ஏ. வகை, தண்ணீரின் கார அமில நிலை, அதாவது பி.எச்., ஆறரைக்கு உட்பட்டு இருந்தால் நன்றாக வேலை செய்யும். டி.டி.பி.ஏ. வகை ஏழரை வரை தாங்கும். அதற்கு மேல் காரமான தண்ணீருக்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகை. இதை ஊற்றினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எந்த வகை வாங்கினாலும் பையில் "இரும்பு மட்டும்" என்று இருக்கிறதா, எத்தனை சதம் இரும்பு என்று போட்டிருக்கிறதா, இரண்டையும் படித்துவிட்டு வாங்குங்க.

உங்கள் தண்ணீரின் பி.எச். தெரியாமல் வகையைத் தேர்ந்தெடுக்க முடியாது. வண்ணமீன் கடையில் பி.எச். தாள் கிடைக்கும். அல்லது மண் பரிசோதனைக்குப் போகும்போது ஒரு சுத்தமான பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துப்போய்ப் பார்த்து வாருங்கள்.

இனி அளவு. தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று முதலில் கணக்கிட வேண்டும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வந்ததை 28 ஆல் பெருக்குங்கள். 6 அடி நீளம், 3 அடி அகலம், தண்ணீர் ஒன்றரை அடி என்றால் 27 கன அடி. 28 ஆல் பெருக்கினால் 756 லிட்டர். மணலும் கல்லும் சட்டியும் அடைக்கிற இடத்தைக் கழித்து 700 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டி எடுக்க வேண்டாம்.

அடுத்து, கரைசல் தயாரிப்பது. தூளை நேராகத் தொட்டியில் போடவே கூடாது. 5 கிராம் தூளை எடை போட்டு எடுங்கள். கரண்டிக் கணக்கு இங்கே செல்லாது, சின்னத் தராசில்தான் நிறுக்க வேண்டும். பையில் 12 சதம் இரும்பு என்று போட்டிருந்தால் அந்த 12ஐ 50 ஆல் பெருக்குங்கள், 600 வரும். 600 மில்லி வடிநீரில் அந்த 5 கிராமைக் கரையுங்கள். 6 சதம் என்றால் 300 மில்லி. இந்தக் கணக்கில் கரைத்தால், எந்த வகையானாலும் 1 மில்லி கரைசலில் 1 மில்லிகிராம் இரும்பு இருக்கும். மனதில் வைத்துக்கொள்ள இது சுலபம்.

100 லிட்டர் தொட்டிக்கு 10 மில்லி கரைசல் ஊற்றினால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் கிடைக்கும். இது வாரத்துக்கு முழு அளவு. ஆனால் முழு அளவில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பாதிதான். 100 லிட்டருக்கு வாரம் 5 மில்லி. அதையும் ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு மூன்று தரமாகப் பிரியுங்கள். நாம் சொன்ன 700 லிட்டர் தொட்டிக்கு வாரத்துக்குப் பாதி அளவு 35 மில்லி ஆகும். மருந்துக்கடையில் ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கி அளந்து எடுங்கள். ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் கலக்கி, காலை நேரத்தில் பரவலாக ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு ஒரு மணி நேரம் மீனைக் கவனியுங்கள்.

புது ரக விதையை முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்பது போல, முதலில் ஒரே ஒரு தொட்டியில் செய்யுங்கள். மற்றத் தொட்டிகளை விட்டுவையுங்கள். பலன் தெரிய ஒன்று இரண்டு வாரம் ஆகும். வெளிறிய பழைய இலை முழுவதும் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். புதிதாக வருகிற இலை பச்சையாக வருகிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் அளவைக் கூட்டாதீர்கள்.

தண்ணீர் மாற்றாமல் இரும்பு மட்டும் ஊற்றிக்கொண்டே போகக் கூடாது. ஏன்னா, செடி எடுத்தது போக மீதி சேர்ந்துகொண்டே வரும். வாரம் ஒரு முறை கால்பங்கு தண்ணீர் மாற்றிவிட்டு முழு அளவு ஊற்றுகிறவருக்கு, செடி ஒன்றுமே எடுக்காவிட்டாலும், சேர்மானம் நான்கு மடங்குக்கு மேல், அதாவது லிட்டருக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் போகாது. தண்ணீரே மாற்றாதவருக்கு அந்த எல்லை கிடையாது. மாற்றுகிற தண்ணீர் குழாய்த் தண்ணீர் என்றால், குளோரின் போவதற்கு ஒரு நாள் திறந்து வையுங்கள். செம்மண் நிறமாக மாறுகிற கிணற்றுத் தண்ணீர் என்றால், இரண்டு நாள் வைத்து, துரு படிந்த பின் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

அளவு மீறியதை எப்படி அறிவது? பாசி திடீரென்று கூடும். கல்லிலும் இலையிலும் பழுப்புப் படலம் விழும். மீன் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறக்கும். உடனே இரும்பை நிறுத்துங்கள். பாதித் தண்ணீரை, ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிற, அதே சூடுள்ள தண்ணீரால் மாற்றுங்கள். காற்றுக்குழாயை அதிகம் ஓடவிடுங்கள். ஒரு நாள் தீனி வேண்டாம். மறுநாள் கால்பங்கு மறுபடி மாற்றுங்கள்.

கடைசியாக, வீட்டில் குழந்தைகள் இருப்பதை மறக்கக் கூடாது. இரும்பு சின்னக் குழந்தை வயிற்றுக்குள் அதிகமாகப் போனால் உயிருக்கே ஆபத்து. கரைசலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் கீலேட் கெட்டுவிடும் என்பதால், வெளிச்சம் புகாத கறுத்த பாட்டிலில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள். அந்தச் சிரிஞ்சை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம். யாராவது குடித்துவிட்டால், வீட்டு வைத்தியம் பார்த்து நேரம் போக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மீன் தொட்டிக்குப் பெரிய மூலதனம் தேவையில்லை, ஆனால் கணக்கு தேவை. கொழுந்தைப் பாருங்க, தண்ணீரை அளங்க, பாதி அளவில் தொடங்குங்க. இந்த மூன்றையும் செய்கிறவர் தொட்டியில் செடியும் செழிக்கும், மீனும் பிழைக்கும்.