மாதத்தில் நாலு நாள்

தோட்டக் கிளையின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை



மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் அடுப்புக்கூட மூட்டாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விடயத்துக்கு வருகிறோம். சம்பளம், கிலோ, வீடு, காணி என்று பேசுகிற இந்தக் கூட்டத்தில் நமது ஆரம்பப் பாடசாலையின் மாத நிகழ்ச்சிகளையும் ஒரு விடயமாக எடுக்கும்படி கேட்டிருந்தோம். கிளைக் கமிட்டி ஒத்துக்கொண்டது. அதற்கு முதலில் நன்றி.

"பாடசாலை என்றால் அதிபரும் டீச்சர்மாரும் பார்த்துக்கொள்வார்கள், சங்கத்துக்கு அதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். ஆனால் அதன் பிறகும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே கிடந்தன. 1977இலிருந்துதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது நமது பிள்ளைகளுக்குக் கிடைக்க முப்பது வருடத்துக்கு மேல் சென்றது. அந்த இடைவெளியில் வளர்ந்தவர்கள்தான் இங்கே முன்வரிசையில் இருக்கும் பாட்டிமாரும் தாத்தாமாரும். சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த வீட்டுப் பையனிடம் கேட்க வேண்டிய நிலை அவர்களுக்கு ஏன் வந்தது என்று நாம் எல்லோரும் அறிவோம். படிப்பு நமக்குச் சும்மா வந்ததல்ல. ஆகவே அது சங்கத்தின் விடயமும்தான்.

இன்று பாடசாலை இருக்கிறது. புத்தகம் இலவசம், சீருடைத் துணி இலவசம். 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டமும் இருக்கிறது. இப்போது நாம் பார்க்க வேண்டியது, பிள்ளை மாதத்தில் எத்தனை நாள் வகுப்பில் இருக்கிறது என்பதை.

தோட்டத்தில் செக்ரோல் இருக்கிறது. அதில் ஒரு பேர் குறைந்தால் நாம் விடுவோமா? சம்பள நாளில் சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்றுதான். அரைப் பேர் போட்டிருந்தால் கணக்கப்பிள்ளையிடம் கேட்கிறோம், அவர் சரியான பதில் சொல்லாவிட்டால் தோட்டத் தலைவரிடம் போகிறோம். பாடசாலையிலும் அதைப்போல ஒரு புத்தகம் இருக்கிறது. அதுதான் வரவு இடாப்பு. அதில் பிள்ளைக்கு எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்று கேட்டு வருகிற பெற்றோர் மிகக் குறைவு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாடசாலை வருடத்துக்கு ஏறத்தாழ 200 நாள் நடக்கிறது. மாதத்துக்கு 20 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை மாதத்தில் நாலு நாள் வரவில்லை. நாலு நாள்தானே என்று நினைப்போம். பத்து மாதத்துக்கு அது 40 நாள். தரம் 1 முதல் தரம் 5 வரை ஐந்து வருடத்துக்கு 200 நாள். அதாவது ஒரு முழு வருடம். அந்தப் பிள்ளை ஐந்து வருடம் பாடசாலைக்குப் போனது என்று நாம் சொல்லுவோம். உண்மையில் நாலு வருடந்தான் படித்திருக்கிறது. பக்கத்து டவுன் பிள்ளையோடு ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும்போது அந்த ஒரு வருடம் குறைகிறது. பிறகு "நம்ம பிள்ளைக்கு மூளை இல்லை" என்று நாமே சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு மூளை இருக்கிறது, வகுப்பில் இருந்த நாள்தான் குறைவு.

இன்னொன்றும் இருக்கிறது. போன நாலு நாளை அடுத்த வாரம் பிடித்துவிட முடியாது. தரம் 3இல் கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு மூன்று நாள் எடுக்கிறோம். அந்த நாட்களில் வராத பிள்ளைக்கு அதன் பிறகு வருகிற கணக்குகள் எல்லாமே தடுமாறும். கடைக் கணக்கும் தடுமாறும்.

எந்த நாட்களில் பிள்ளைகள் வருகிறார்கள், எந்த நாட்களில் வருவதில்லை? வருடத்தைத் தவணை தவணையாகப் பார்ப்போம்.

முதலாம் தவணையில் தரம் 1 பிள்ளைகளுக்குக் கால்கோள் விழா நடக்கிறது. போன வருடம் தரம் 1இல் இருந்த பிள்ளைகள் மாலை போட்டு, கையைப் பிடித்துப் புதிய பிள்ளைகளை வகுப்புக்குள் கூட்டிப்போகிறார்கள். பிறகு பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், இல்ல விளையாட்டுப் போட்டி. விளையாட்டுப் போட்டி அன்று இடாப்பில் ஒரு பிள்ளைகூடக் குறையாது. பிள்ளைகள் இல்லத்து நிறத்தில் ரிபன் கட்டி விடிவதற்கு முன்பே தயார். ஆனால் அடுத்த நாள் பாதி வகுப்பு வெறுமை. "நேற்று ஓடின களைப்பு" என்கிறார்கள். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு லீவு. லீவு முடிந்து பாடசாலை தொடங்கினாலும், கொழும்பிலிருந்து வந்த சித்தப்பா திரும்பிப் போகிற வரைக்கும் சில பிள்ளைகள் வருவதில்லை.

இரண்டாம் தவணை நமக்குக் கஷ்டமான தவணை. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து நிறைய வருகிறது. அம்மா விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விடுகிறார். அடுத்து மழை தொடங்குகிறது. ஒரு சோடிச் சப்பாத்து, ஒரு சட்டை இருக்கிற பிள்ளைக்கு அது காய்ந்தால்தான் பாடசாலை. கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அக்காதான் வீட்டில் நிற்கிறாள். கவனியுங்கள், பெரும்பாலும் அண்ணன் நிற்பதில்லை, அக்காதான் நிற்கிறாள். கோயில் திருவிழாவும் பல தோட்டங்களில் இந்தக் காலத்தில்தான். திருவிழா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தேர் அன்று பாடசாலைப் பிள்ளைகளே முன்னால் வருவார்கள், டீச்சர்மாரும் வருவோம். அதற்கு முந்திய நாளும் பிந்திய நாளும் பாடசாலை இருக்கிறது என்பதுதான் எங்கள் கவலை.

மூன்றாம் தவணையில் நவராத்திரி, வாணி விழா, ஒக்டோபர் 1 சிறுவர் தினம், ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம், தீபாவளி. தீபாவளி முற்பணம் கிடைத்ததும் உடுப்பு எடுக்க டவுனுக்குப் பிள்ளையையும் கூட்டிப்போகிறோம். அளவு பார்க்க வேண்டும் அல்லவா? ஆனால் அதே நாட்களில்தான் வருட இறுதிப் பரீட்சைக்குப் பாடங்களை முடிக்கிற வேலையும் நடக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மாதமும் வருகிற இரண்டு நாள் இருக்கின்றன. ஒன்று சம்பள நாள், மற்றது அதற்கு அடுத்த நாள். டவுனுக்குப் போகிற பஸ்ஸில் சீருடை போட வேண்டிய பிள்ளைகள் வண்ணச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் இந்த இரண்டு நாளே பெரிய தொகை.

தோழர்களே, இதைக் கேட்டுவிட்டுத் தாய்மார்தான் பொறுப்பில்லாதவர்கள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. காரணங்களை ஒன்றொன்றாக எடுத்துப் பாருங்கள். பிள்ளைக் காம்பரா பிரட்டு நேரத்துக்குத் திறந்திருந்தால், அங்கே பிள்ளையைப் பார்க்கப் போதிய ஆள் இருந்தால், அக்கா வீட்டில் நிற்க வேண்டியதில்லை. பெற்றோர் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் அம்மா என்ன செய்வார்? கூட்டத்துக்கு வந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப் பேர். பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்க வருகிற தாய்க்கு அரை நாள் சம்பளம் தண்டம். இப்படி ஒரு தண்டத்தை வைத்துக்கொண்டு "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று பேசுவது சரியல்ல. பிள்ளைக் காம்பராவும் வேலை நேரமும் தொழிற்சங்க விடயங்கள். அவற்றைத் துரையிடம் பேச வேண்டியது சங்கம்.

ஆசிரியர் பக்கத்தையும் மறைக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு ஒரு நாள் யாரால் போனாலும் போனதுதான். ஒரு வகுப்புக்கு ஆசிரியர் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால், பெற்றோர் கேட்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நீங்கள் அங்கத்தவர்கள். அங்கே எழுந்து கேளுங்கள். வெற்றிடத்தை நிரப்பும்படி வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் நாங்கள் எழுதித் தருகிறோம்.

"என்ன படித்தாலும் கடைசியில் கொழும்புக் கடையில்தானே நிற்கப்போகிறான்" என்ற பேச்சும் லயத்தில் இருக்கிறது. அந்தப் பேச்சில் உள்ள வலி எங்களுக்கும் தெரியும். படித்த எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. ஆனால் இரண்டு விடயத்தை மனதில் வையுங்கள். ஒன்று, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கடையிலோ வீட்டு வேலையிலோ சேர்ப்பது சட்டப்படி குற்றம். ஆள் பிடிக்க வருகிற தரகர் இதைச் சொல்ல மாட்டார். இரண்டு, கொழும்புக்கே போகட்டும், அங்கேயும் வாசிக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். ஊழியர் சேமலாப நிதிக்கு நமது சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படுகிறது, முதலாளி 12 வீதம் போட வேண்டும். அது போடப்பட்டதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். தரம் 5 பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் சரியாகத் தெரிந்தால், அம்மாவின் சம்பளச் சீட்டில் உள்ள கழிவுகளைக் கூட்டிப் பார்த்து, கையில் வந்த காசு சரியா என்று இன்றைக்கே சொல்லலாம். படிப்பு நாளைக்கு வேலை தருமா என்பது ஒரு புறம் இருக்கட்டும். இன்றைக்கு நம் வீட்டுக் கணக்குக்கு அது உதவுகிறது.

ஆகவே, நாலு தீர்மானங்களைக் கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு மாதமும் இந்தக் கூட்டத்தில் அடுத்த மாதத்துப் பாடசாலை நிகழ்ச்சிகளை வாசிக்க வேண்டும். விழா, பரீட்சை, மருத்துவப் பரிசோதனை, பெற்றோர் கூட்டம், லீவு நாட்கள் எல்லாம் அதில் இருக்கும். பெரிய எழுத்தில் எழுதிப் பிரட்டுக் களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் கோயில் வாசலிலும் ஒட்டுவோம். எழுதுகிற வேலையைத் தரம் 5 பிள்ளைகளே செய்வார்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு அதை வாசித்துக் காட்டுகிற வேலையும் அவர்களுடையது.

இரண்டாவது, தவணைக்கு ஒரு முறை பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற தொழிலாளிக்கு அன்றைய பேர் குறையக் கூடாது என்று நிருவாகத்துடன் நடக்கும் அடுத்த பேச்சில் சங்கம் கேட்க வேண்டும். அது கிடைக்கும் வரை, மற்றக் கூட்டங்களை மாலைக் கொழுந்து நிறுத்த பிறகு வைக்கும்படி அதிபரிடம் நாங்கள் பேசுகிறோம்.

மூன்றாவது, பிள்ளைக் காம்பரா பிரட்டு நேரத்துக்குத் திறக்க வேண்டும். மாதர் சங்கம் ஒரு வாரத்துக்கு அது திறக்கிற நேரத்தையும், பிள்ளைகளைப் பார்க்க எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்பதையும் எழுதி வைக்கட்டும். கையில் எழுத்து இருந்தால் பேச்சு மேசையில் பலம்.

நாலாவது, மாதக் கடைசியில் பெற்றோர் தங்கள் பிள்ளையின் வரவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்கு முன்னால் யாருடைய பெயரையும் வாசிக்க மாட்டோம். பிள்ளையின் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வந்த நாள், வராத நாள் இரண்டையும் வகுப்பாசிரியர் எழுதி அனுப்புவார். நீங்கள் பார்த்துக் கையெழுத்து வையுங்கள். கைநாட்டு வைத்தாலும் சரி.

இதில் இரண்டும் மூன்றும் நிருவாகத்திடம் போராடிப் பெற வேண்டியவை, காலம் எடுக்கலாம். முதலாவதும் நாலாவதும் நம் கையில் இருக்கின்றன. அவற்றுக்குத் துரையின் அனுமதி தேவையில்லை, காசும் தேவையில்லை.

வருகிற சம்பள நாளுக்கு டவுனுக்குப் போகும்போது பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். உடுப்புக்கு அளவு வேண்டுமென்றால் பழைய சட்டை ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த இரண்டு நாளின் வரவை மொத்தமாகக் கூட்டி உங்களுக்குச் சொல்கிறோம். கூடியிருந்தால் எல்லோரும் சேர்ந்து சந்தோசப்படுவோம். கூடாவிட்டால் காரணம் என்ன என்று மறுபடியும் இதே இடத்தில் உட்கார்ந்து பேசுவோம்.

தீர்மானங்களைத் தலைவர் இப்போது கூட்டத்தின் வாக்குக்கு விடுவார்.