மழை விட்டதும் பறவை பார்ப்போம்



டில்லியில் லோதி பூங்கா இருக்கிறது. சுல்தான்களின் பழைய கல்லறைகள் அங்கே உள்ளன. சுற்றிலும் மரங்கள், புல்வெளி. உள்ளே போகக் காசு வேண்டாம்.

ஜனவரியில் அங்கே கடும் குளிர். சில நாள் மழையும் பெய்யும். அப்போது பூங்காவில் என்ன வேலை என்கிறீர்களா? மழை விட்டதும் போய்ப் பாருங்கள்.

ஈர மண்ணிலிருந்து மண்புழு மேலே வரும். அதைத் தின்ன மைனாக்கள் இறங்கும். கொண்டலாத்தி நீண்ட அலகால் மண்ணைக் குத்தும். பருந்து நனைந்த சிறகை விரித்துக் காய வைக்கும். வாலாட்டிக் குருவி புல்லில் ஓடும். அது விருந்தாளி. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும், பிறகு திரும்பிவிடும்.

இருவாச்சி அங்கேயே வாழ்கிறது. அது மரப் பொந்தில்தான் முட்டையிடும். பழைய மரத்தை வெட்டினால் அதன் வீடு போய்விடும்.

பறவை குறைகிறதா, கூடுகிறதா? பார்த்தவர் எழுதி வைத்தால்தான் தெரியும். 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. சுமார் 30,000 பேர் எழுதிய குறிப்புகளே அதற்கு ஆதாரம். பல பறவைகள் குறைந்து வருகின்றன என்று அது காட்டியது.

உங்களுக்கும் இப்போது எழுதத் தெரியும். ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். மழையில் மை கரையும். பென்சில் எழுத்து கரையாது. நாள், இடம், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள்.

நாளை உங்கள் ஊர்ப் பூங்காவில் மரம் வெட்ட வருவார்கள். "இதில் பறவை குடியிருக்கிறது" என்று அந்த நோட்டைக் காட்டுங்கள்.